எனக்கு நானே போட்டுக்கிட்ட சம்பளம்

அட, கடை நடத்துற கிளாசுல நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் மிஸ் செஞ்சேன், நானா ஒண்ணும் கண்டுபிடிக்கல. உள்ள வந்து உக்காருங்க, சாரல் அடிக்குது. ஃபோட்டோ எடுக்கலாம், ஒண்ணும் அவசரமில்ல. எங்க வீட்டுக்காரரும் மாமாவும் தலவாக்கலைக்குப் போயிருக்காங்க, பைஸர் முதலாளிக்கு சரக்குக் காசு கட்ட. மூணு மணி பஸ்ல தான் வருவாங்க. இந்தக் கருவாட்டுப் பொட்டிய மட்டும் தள்ளி வச்சிர்றேன், படத்துலயும் நாறப்போவுது.

முந்தி எப்படி இருந்துச்சுன்னா கேக்குறீங்க? ஐயோ, அத ஏன் கேக்குறீங்க. மாமாவுக்கு வெத்தல கடையில, இவருக்கு சிகரெட்டு கடையில, வர்ற சொந்தக்காரனுக்கெல்லாம் சோடா கடையில. எவனும் ஒரு சதம் வைக்கிறதில்ல. இவரு இருக்காரே, ராசா மாதிரி வருவாரு, காசுப் பொட்டிக்குள்ள கைய விடுவாரு, போயிருவாரு. மாசக் கடைசியில சரக்கு லொறி வந்து நிக்கும், பொட்டியில காசு இருக்காது. அப்ப ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாப்பாங்க, நான் தின்னுட்ட மாதிரி.

நீங்க மொத கிளாசுல சொன்னீங்களே, கடைக் காசு வேற வீட்டுக் காசு வேறன்னு. வந்து சொன்னேன். இவரு சிரிச்ச சிரிப்பு லயத்து வீடு பூரா கேட்டுச்சு. அப்பன் வச்ச கடையில நான் காசு குடுத்து சிகரெட்டு வாங்கணுமான்னு கேட்டாரு. சரி, வாயால சொல்லி ஆகப்போறதில்லன்னு விட்டுட்டேன்.

அப்புறம் தான் விளக்க யோசிச்சேன். விளக்கு வச்சதுக்குப் பெறகு எங்க ஆளுங்க வீட்டுல இருந்து காசு வெளிய போகாதுல்ல, லெட்சுமி கூடவே போயிருவான்னு. மாமா அதுல ரொம்பக் கெட்டி. இவருக்கு சாராய நெனப்பு வர்றது அஞ்சு மணிக்கு. நான் விளக்கு வைக்கிறது ஆறு மணிக்கு. மெல்ல அத அஞ்சுக்கு முந்தி கொண்டாந்தேன். அப்புறம் நாலு. பனிமூட்டம் எறங்குற நாள்ல மூணு மணிக்கே இருட்டிருச்சு மாமான்னு பத்த வச்சிருவேன். சிரிக்காதீங்க மிஸ், சத்தியமா! இவரு பொட்டிகிட்ட வந்தா மாமா உள்ள இருந்து கத்துவாரு, விளக்கு எரியுதுடா மடையான்னு. மருமகளுக்கு பக்தி முத்திப்போச்சுன்னு அவருக்கு அவ்வளவு பெரும. வர்ற காசுக்குத் தடையில்ல பாருங்க, போற காசுக்குத் தான். அந்த மாசம் தான் பைஸர் முதலாளிக்கு சொன்ன நாள்ல முழுக்காசும் போச்சு. அவரு நம்பாம ரெண்டு தரம் எண்ணினாராம்.

கடனா? கடன் குடுக்காம தேயிலைத் தோட்டத்துல கடை நடக்குமா? ஆளுங்களுக்குப் பத்தாந்தேதி சம்பளம். அன்னிக்கு வாசல்ல நின்னு வாங்கினா உண்டு, விட்டா அடுத்த மாசம் தான். போன மாசப் பாக்கி இருந்தா மாவும் பருப்பும் மட்டும் குடுப்பேன், பிஸ்கட்டு, போனுக்கு ரீலோட்டு எல்லாம் கெடையாது. மொதல்ல மொறச்சாளுங்க, இப்பப் பழகிருச்சு.

சம்பள நாளுன்னு சொன்னதும் அம்மா நெனப்பு வந்துருச்சு. இல்ல, ஒண்ணுமில்ல, சொல்றேன். எங்க அம்மா இறம்பொடையில செத்தது ஒரு பத்தாந்தேதி, போன வருசம். காலையிலயே தகவல் வந்துருச்சு. நான் சேல மாத்திக்கிட்டு வெளிய வந்தா மாமா கல்லாவுல உக்காந்து சொல்றாரு, மத்தவங்க கேட்டா குடுக்க மாட்டாளுங்க, ஒனக்குத் தான் பயப்படுவாளுங்க, வசூல முடிச்சிட்டுப் போவோம்னு. நான் போகையில மண்ணு போட்டு மூடிட்டாங்க மிஸ். மொகம் பாக்கல. அன்னிக்கு வசூல் நல்ல வசூல். இவரு அதத்தான் பஸ்ஸுல சொல்லிக்கிட்டே வந்தாரு.

வேணாம், தண்ணி வேணாம். நீங்க குடிங்க.

நீங்க கெட்டிக்காரின்னு சொல்றீங்க. கெட்டிக்காரத்தனம் தான் மிஸ் வெனயாப் போச்சு. கடை நட்டத்துல கெடக்கையில நான் ரெண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போனா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இப்ப நான் இல்லாட்டி ஓடாது. ஆட்ட அவுக்காம கயித்த மட்டும் சுருக்கிக்கிட்டே வர்ற மாதிரி. தண்ணி புடிக்கப் பீலிக்குப் போனாக்கூட எங்க போற, யார் கடையப் பாக்குறதுன்னு கேள்வி. பஸ்ல கண்டக்டர் இவரு அக்கா மகன் விஜிதரன். த்ரீவீல் காரனுங்க எல்லாம் இவரு கூட்டாளிங்க. ரோட்டுல எறங்கினா நான் முச்சந்தி போய்ச் சேருறதுக்குள்ள இவருக்கு போன் வந்துரும். கொழுந்தெடுக்குறவளுக்காவது ஞாயித்துக்கெழம லீவு இருக்கு.

ஆமா, நீங்க சொன்னதுல எனக்கு ரொம்பப் புடிச்சது அது தான். மொதலாளியா இருந்தாலும் ஒங்களுக்கு ஒரு சம்பளம் போட்டுக்கங்க, அப்ப தான் கடை நெசமா லாபமான்னு தெரியும்னு. எழுதினேன். சண்முகவடிவு, சம்பளம். இவரு குதிச்சாரு. புள்ள இல்லாதவளுக்கு எதுக்குடி சம்பளம், யாருக்கு சேக்கப்போறன்னாரு. அந்த வார்த்தைய நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனா சிரிச்சுக்கிட்டே சொன்னேன், மிஸ்ஸு சொன்னாங்க, என் பேருல சேமிப்பு இருந்தா தான் கடைக்கு பெரிய லோன் தருவாங்களாம்னு. லோன்னதும் வாய மூடிட்டாரு. கிளாசுக்கு வர்ற பேங்க்கு தம்பி கையில மாசா மாசம் கட்டிட்டேன். போன மாசம் வரைக்கும் அவசரம்னு கூட எடுக்கல. ஒங்க புண்ணியம்.

இல்ல மிஸ், லோனு வேணாம். அந்த ஃபாரத்த உள்ள வைங்க.

நீங்க இன்னிக்கு ஹட்டன் வழியா கொழும்புக்குப் போறீங்கன்னு போன கிளாசுல சொன்னீங்கல்ல? கினிகத்தேனையத் தாண்டித் தான போகணும், என்னயும் ஏத்திக்கங்க. பொல்பிட்டியவுல ரோட்டோரமா ஒரு கடை ரூம் பேசியிருக்கேன், பின்னால படுக்க ஒரு எடம். கிளாசுக்கு வந்தாங்களே ரிஃப்னா, அவங்க சாச்சி, அதான் சின்னம்மா, வீட்டு ரூமு தான். மூணு மாச வாடகை கட்டியாச்சு. எல்லாம் என் சம்பளம். இங்க ஒரு சதம் தொடல, இன்னிய கணக்கு வரைக்கும் எண்ணி பொட்டியில வச்சு, சாவிய சாமி படத்துக்குப் பின்னால வச்சிட்டேன். மாமாவுக்கு சோறு ஆக்கி மூடியிருக்கேன்.

பயமா? பயம் தான் மிஸ். ஃபோட்டோவ அங்க போய் எடுங்க. டிரைவர் அண்ணன ஒங்க வேன கதவோட ஒட்டிக் கொண்டாரச் சொல்லுங்க. வேலைக்கு ஆளுங்க கூடுற பெரட்டுக் களத்தத் தாண்டுற வரைக்கும் நான் சீட்டுக்குக் கீழ குனிஞ்சு உக்காந்துக்குறேன். யாராவது கை காட்டினா நிப்பாட்ட வேணாம்.