நாலு மாசத்து ரத்தம்

ஹலோ... ஹலோ, நான்தான். அவரை ரெண்டாவதா கட்டிக்கிட்டவ... ஆமா, நானேதான். வச்சுடாதீங்க.

... இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கார். தூங்குறார். நாளைக்குக் காலைல ஆபரேஷன்... இதயம். வால்வு சரியா மூடல. முன்னால போற ரத்தத்துல பாதி, வந்த வழியே திரும்பிடுதாம்... என்ன? அவரை மாதிரியேவா? சிரிங்க, நல்லாச் சிரிங்க.

... ஆமா, ஆமா. இதயத்தை நிறுத்திட்டு, வெளிய ஒரு மிஷின்தான் ரத்தத்தைச் சுத்தவிடுமாம்... பயமாத்தான் இருக்கு. அதான் கூப்பிட்டேன். ரத்தம் கைவசம் வேணும். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்பு, ஓ நெகட்டிவ்னு... வேற யாரு, அவர்தான் சொன்னார். இன்னமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கார், என்னமோ ஜாதகப் பொருத்தம் மாதிரி.

... என்னோடதா? பி பாசிட்டிவ். கையை நீட்டிக்கிட்டுத்தான் போனேன். இது உள்ள போனா, அவர் உடம்பே எதிரின்னு பாஞ்சு அடிச்சு உடைச்சிடுமாம். வேணும்னா வேற யாருக்காவது குடுங்கன்னுட்டாங்க... தெரியும். உங்களோடது எல்லாருக்கும் ஒத்துப்போகும். கேட்டாச்சு, கேட்டாச்சு.

ஒண்ணு சொல்லிடறேன். நீங்க குடுக்கற சிவப்பணு நாலு மாசத்துக்கு மேல தாங்காது. செத்துடும். அவர் எலும்புக்குள்ளயே புதுசு ஊறிடும். அப்புறம் உங்களோடது ஒரு துளிகூட அவர்கிட்ட இருக்காது... ஆமா, டாக்டர்கிட்டதான் கேட்டேன். கேட்டா என்ன?

... சரி. எப்போ வரீங்க?

... எங்க?

... கீழயா? இங்கேயே, ரத்த வங்கியிலயா?

... குடுத்தாச்சா? யார் சொன்னா உங்களுக்கு?

... அவரா. எப்போ? நான் பக்கத்துலயே... ம். மாத்திரை வாங்கப் போயிருந்தேன்... ம்... எனக்குத் தெரியவேண்டாம்னாரா?

... 'அவ தாங்கமாட்டா'ன்னாரா?

... இல்லையே. யார் அழுதா?

... ஐயோ, எழுந்திருக்காதீங்க. தலை சுத்தும். ஜூஸ் குடுத்தாங்களா? முழுசாக் குடிங்க. நீங்க மேல வரவேண்டாம், நானே கீழ வரேன்.

... அவரைப் பார்க்கறதா? பாருங்க. யார் வேண்டாம்னா? நாளைக்குப் பாருங்க. ஆனா மயக்கம் தெளியறப்போ நான் மட்டும்தான் பக்கத்துல நிப்பேன்... ஆமா, நான் மட்டும்தான்... ஏன்னா, கண்ணு முழிச்சதும் அவர் வாயில மொதல்ல யார் பேர் வருதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.

... வேண்டாம். ஒண்ணும் சொல்லாதீங்க. வைக்கிறேன்.