தறிக்கு விட்ட எண்ணெய்

காலையில் திருத்தணியிலிருந்து கிளம்பிய சென்னை ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் ஒரு பாட்டில் இருந்தது. அதன் அடியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு எண்ணெய்.

"எத்தினி தறிக்கு ஊத்தின, நைனா?"

"நாலுக்கும்தான். தறி எண்ணெய்னு நெனச்சிக்கினேன். நல்லாத்தான் ஓடுது, சத்தம்கூட கொறஞ்சிடுச்சி."

"சிரிக்காத. அது டீசலுக்குப் பதிலா எரிக்கறதுக்கு, பெயிண்ட் கம்பெனிக் கழிவைக் காய்ச்சி நாங்க லேப்புல எடுத்தது. உனக்குக் காட்டலாம்னு ஆசையா கொண்டாந்தேன். வெறுங்கையாலயா தடவின?"

"பின்ன, கரண்டியாலயா தடவுவாங்க?"

"கை கழுவினியா?"

"லுங்கியில தொடைச்சிக்கினு சாப்ட உக்காந்தேன்."

"அரிக்குதா?"

"ஆங்… கொஞ்சம்."

அவள் பாட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மீதி இருக்கறது ஒரே ஒரு டெஸ்டுக்குத்தான் வரும். நல்லா எரியுதான்னு பாக்கலாம், இல்லன்னா ஈயம் மாதிரி விஷம் இருக்கான்னு பாக்கலாம்."

"எரியறதைப் பாரும்மா. அதுக்குத்தானே மூணு வருசமா அலையற?"

அரக்கோணம் தாண்டியதும் அவள் லேப்புக்குப் போன் செய்தாள். "சார், எண்ணெய் கொஞ்சம்தான் இருக்குது. ஈயம் இருக்கான்னு மட்டும் பாத்துடலாம் சார். எரியுதான்னு பாக்கறதுக்கு நான் மறுபடியும் காய்ச்சி எடுக்கறேன்."

"மறுபடியும் மொதல்லருந்தா?" என்றார் அப்பா.

அவள் அவர் கையை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு நகமாகப் பார்க்கத் தொடங்கினாள்.