வெயில் காய்ந்த மருந்து

உட்கார், ஜெப்ஸி. மாடியில் நெத்திலி காயப் போட்டிருக்கிறேன். காக்கா வராமல் ஒரு கண் அதன்மேல் வைத்துக்கொண்டுதான் பேசுவேன்.

என் தம்பி வில்பிரட்டுக்குச் சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து ஊசி போட்டது நான். காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்த்ததும் நான்தான். எனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி இல்லாமலே போயிற்று. அலுத்துத்தான் போயிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸாக நீ வந்தாய். அவனே ஊசி போட, கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க, எல்லாம் சொல்லிக்கொடுத்தாய். துறைமுக வேலைக்கு விசிலடித்துக்கொண்டு போனான். ஒருநாள் சொன்னான்: "எனக்காவ ஓடாத் தேஞ்சிட்டக்கா. நாசரேத்துல நம்ம பழைய வீட்டுல போயி நிம்மதியா இரி. இனி நானே பாத்துக்கிடுதேன்."

நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவிட்டானே என்று அழுதேன்.

"வெயில் பட்டா மருந்து செத்துப்போவும் அண்ணாச்சி" என்று நீ அவனிடம் சொன்னதை, அவனைவிட நான்தான் கவனமாகக் கேட்டிருந்தேன். அவன் வேலைக்குப் போனதும் இன்சுலின் குப்பியை மாடி வெயிலில் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். வருமுன் துடைத்துப் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். இந்த மில்லர்புரத்து வெயிலுக்கு நான் என்ன செய்ய.

சர்க்கரை ஏறியது. கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்பது நம் ஊர்க்காரர்களின் எண்ணமாயிற்றே. நீயும் அதைத்தான் கேட்டாய்: "கருப்பட்டிக் காப்பி குடிக்கியளா அண்ணாச்சி?"

"சத்தியமாத் தொடல" என்றான்.

நீ என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவ்வளவுதான். அதன்பிறகு அவன் பேச்சை யாரும் நம்பவில்லை. கடைசியில் அவனே நம்பவில்லை. "ஒறக்கத்துல எந்திச்சித் தின்னுருப்பனோக்கா?" என்று கேட்டான். பாவமாக இருந்தது. தலையைத் தடவிக்கொடுத்தேன்.

காலில் வந்த புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "என்னைய விட்டுட்டுப் போயிராதக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். ஊசி மறுபடி என் கைக்கு வந்தது. நல்ல மருந்தாகவே போட்டேன். சர்க்கரையும் இறங்கியது.

போன வாரம் செயற்கைக் கால் வந்தது. மறுபடியும் தானே ஊசி போட்டுக்கொள்வதாகச் சொன்னான். அதனால்தான் நேற்று நீ மாடிக்கு வந்தபோது அந்தக் குப்பி அங்கே இருந்தது.

போலீசிடம் சொல்வதென்றால் சொல்லிக்கொள். எனக்கும் உட்கார்ந்தால் போதும் என்றிருக்கிறது. அவனிடம் மட்டும் சொல்லாதே. தாங்கமாட்டான். என்னை விட்டால் அவனைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?