செபமாலை முடியும்வரை

தன் சிறிய கரும்புத் தோட்டத்தில் பிடித்த தீயில் செத்துப்போனவருக்கு ஒரு பிடி மண் போட, ரிவியேர் தே ஸாங்கீய் ஊர்க் கல்லறையில் வரிசையாக நின்றிருந்தோம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"கொழுந்தனாரு தோட்டம் எரிஞ்சப்ப நான் அவருக்காகத்தான் செபமாலை சொல்லிக்கிட்டிருந்தேன் அக்கா," என்றாள் இளையவள்.

"உங்க வீட்டுலேருந்து யாரும் கத்தி எடுத்துக்கிட்டு ஓடலியா? கரும்புல தீப்பிடிச்சா, அது பரவாம நடுவுல கரும்பை வெட்டிவிட பகையாளிகூட ஓடுவானே!"

"வாய்க்கா சண்டைக்கு அப்புறம் பேச்சுவார்த்தையே இல்ல. ஆனா சாமியார் சொன்னபடி மன்னிச்சிட்டேன். எங்க வீட்டுக்காரரையும் போகவிடாம பக்கத்துல முழங்கால் போடவச்சேன்."

"அப்ப அந்த மனுஷன் தனியாவா தீக்கு முன்னால நின்னு வெட்டினாரு?"

"அவரு பொஞ்சாதி வந்து எங்க கதவைத் தட்டினா."

"திறந்தியா?"

"செபத்துக்கு நடுவுல எப்படிக்கா எழுந்திரிக்கிறது?"