எரிக்காத பிரஷ்

சுதந்திரம் வந்த மறுவருஷம். கொள்ளேகாலிலிருந்து மைசூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் மேல் கந்தக நெடி வீசியது.

"அவளைத் தொட்டுப் பதினஞ்சு நாளாச்சுங்க" என்றார்.

"சம்சாரத்தையா?" என்றார், அவர் பக்கத்திலிருந்த மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்.

"குதிரைங்க. சொறி புடிச்சிருச்சு. எனக்கும் தொத்திருச்சுன்னு கந்தகக் களிம்பு குடுத்து மைசூர் லாயத்துல இருந்து ஊருக்கு அனுப்பிட்டாங்க. இப்ப ஆறிருச்சுன்னு திரும்பிப் போறேனுங்க. போன தடவையும் அவளுக்கு நல்லா ஆறிச்சு. நான் போய்த் தேச்சுவிட்டேன், மறுபடியும் வந்துருச்சுங்க."

"அவளோட சாமானெல்லாம் எரிச்சாச்சா?"

"கம்பளி, கயிறு எல்லாம் எரிச்சாங்க." மடியிலிருந்த பையைத் தடவினார். "தேய்க்கிற பிரஷ் மட்டும் நான் ஒளிச்சு வெச்சுட்டேனுங்க. அதுல அவ முடி இருக்குது. ராத்திரி அதை மோந்து பாத்தாத்தான் தூக்கம் வருது."

"அடப்பாவி! சொறிப் பூச்சியே அதுலதானேப்பா இருக்கு! அதாலதான் தேச்சியா?"

அவர் பையிலிருந்து பிரஷ்ஷை வெளியே எடுத்தார்.

நரசிபுரத்தில் பஸ் நின்றதும் இறங்கிப்போய், டீக்கடை அடுப்பில் பிரஷ்ஷைப் போட்டார். முடி கருகும் வாடை பஸ் வரைக்கும் வந்தது. எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றார்.

ஏறி உட்கார்ந்து, உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார்.

"வெறும் கந்தகந்தாங்க அடிக்குது" என்றார்.