கூடையில் வந்த மண்

மேடையில் வீற்றிருக்கும் மடாதிபதி அவர்களே, கோமகனின் பிரதிநிதி அவர்களே, அம்மையாரின் ஒரே வாரிசான பெரோனெல் அவர்களே, வால்ரூ குடிமக்களே, ரொட்டியும் திராட்சை மதுவும் வருவதற்கு முன்பே இடம் பிடித்துவிட்ட என் நான்கு மகள்களே!

வாசல் காக்கும் கோபேர் பேசுகிறேன். வீட்டில் நான் வாய் திறந்தால் மனைவியோடு சேர்த்து ஐந்து பெண்கள் அடக்குவார்கள். இன்று முடியாது! "அழறவன் வேண்டாம், உளர்றவன் பேசட்டும்" என்று நம் கோட்டைத் தலைவி ஒதியேர்ன் அம்மையாரே கண்மூடும் முன் என்னைக் கைகாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் எப்படிப்பட்டவர்? தகப்பனார் இறந்தபோது சிறு பெண். வாரிசாக வருபவர் தன் நிலத்துப் புல்மண்ணை வெட்டிக் கோமகன் முன் ஏந்த வேண்டுமே! சித்தப்பா ஃபுல்க் முந்திக்கொண்டு கூடையோடு வந்து நின்றார்.

"பொண்ணுக்கு எதுக்கும்மா நிலம்? கல்யாணம் கட்டிக்கிட்டுப் போ."

அம்மையார் கூடையை எட்டிப் பார்த்தார். "நம்ம மண்ணு செவப்பாச்சே சித்தப்பா, இது கருப்பா இருக்கே? நம்ம வயல் சேறு மிதிக்கச் சோம்பல்பட்டு ரோட்டோரமா வெட்டிட்டீங்களா? அது மடத்து நிலமாச்சே!"

அன்றைய மடாதிபதி துள்ளி எழுந்தார். "அடப்பாவி, என் மேய்ச்சல் நிலத்தையா கேக்குற?"

சபை சிரித்து அடங்குவதற்குள் வயலுக்கு ஓடிப்போய், முழங்கால் வரை சேற்றோடு, செம்மண்ணை இரு கையிலும் ஏந்தி நின்றார் எங்கள் அம்மையார்! நிலம் யாருக்குப் போகும், சொல்லுங்கள்!

பிறகு ரெனியே பிரபுவை மணந்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரே கேலி செய்தது. அவரோ, "சாப்பாடு நல்லா இருக்குய்யா, உனக்கென்ன?" என்பார். அப்படியொரு ஜோடி!

எனக்கு நாலாவதும் பெண் பிறந்தபோது மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். "யோவ் கோபேர், நானும் பொண்ணுதான். கோட்டையத் தூக்கிக்கிட்டா ஓடிட்டேன்?" என்று கேட்டு, ஞானத்தாயாக நின்று குழந்தைக்குத் தன் பெயரையே வைத்தார். அந்தக் குட்டி ஒதியேர்ன்தான் இப்போது என்னைக் கண்ணாலேயே 'போதும், உட்காரு' என்கிறாள்.

உட்காருகிறேன். அதற்கு முன் ஒன்று. நாளைக் காலை பெரோனெல் அம்மா மண் ஏந்தப் போகிறார். அவர் பின்னால் ஊரே சேற்றில் இறங்கும். தொந்தியோடு நானும் இறங்குவேன். இது அம்மையார் மேல் ஆணை!

கடைசி வரிசையில், மூடிய கூடையை மடியில் வைத்திருக்கும் ஃபுல்க் பிரபுவின் மகன் அவர்களே, வருக! அஞ்சலி செலுத்த வந்ததில் மகிழ்ச்சி.

ஆனால், ஐயா... உங்கள் செருப்பில் பொட்டுச் சேறுகூட இல்லையே?