பத்தாங்கிளாஸ் காணோம்

ஐய, அழுவாத கொறையா நிக்காதப்பா, உக்காரு. டீ ஆறிடப் போவுது. பத்தாங்கிளாஸ் விவரம் மொத்தமும் காணாமப் போனது எங்க ஸ்கூலுக்குத் தானே? ஹெச்.எம்.மு நானே நிம்மதியா உக்காந்துக்கினு இருக்கேன், சாப்ட்வேர் கம்பெனிக்காரன் உனக்கு ஏன் இப்டி வேர்க்குது? ஃபேன வேணா கூட வெக்க சொல்லட்டுமா? வெளிய பெஞ்சில ஒருத்தரு உக்காந்துக்கினு இருக்காரே, வெள்ள சட்ட, அவரு கிட்ட தான் ரூமுக்கு வழி கேட்டியா? கைய மட்டும் காட்டியிருப்பாரே. அவரு அப்டித் தான், அதிகமா பேச மாட்டாரு.

ஆமா, வெள்ளிக்கெழம வரிக்கும் எல்லாம் இருந்துது. பேரு, பொறந்த தேதி, மார்க்கு, அப்பா அம்மா போன் நம்பரு. திங்கக்கெழம காலைல கம்ப்யூட்டர தொறந்தா ஒம்போதாங்கிளாஸ் இருக்குது, பதினொண்ணு இருக்குது, நடுவுல பல்லு விழுந்த மாதிரி பத்து இல்ல. நாளைக்குள்ள பரீட்சைக்கு பசங்க பேர ஏத்தணும். ஏத்தலன்னா ஹால் டிக்கெட்டு வராது. ஒவ்வொரு அம்மாவும் இங்க வந்து என் தலமுடிய ஆளுக்கு ஒரு இழையா புடுங்கிக்கினு போவாங்க.

உன் பேரு பிரேம்நாத்து, இல்ல? எந்த ஊரு? தென்னேரியா! ஏரி ரொம்பிச்சா இந்த வருசம்? நெலத்த யாரு பாத்துக்கிறது, அப்பாவா? அம்மாக்கு ஒடம்பு நல்லா இருக்குதா? கோவக்காரங்களா அவுங்க? இல்லப்பா, சும்மா தான் கேட்டேன். எங்க வீட்டுல தறி. வீட்டுக்காரரு இன்னமும் நெய்யறாரு. ஒரே பொண்ணு, கீர்த்தி, மெட்ராஸ்ல உங்க கம்பெனில தான் வேல செய்யறா. தெரியாதா? ஒரே மாடில தான்னு சொன்னாளே. பாத்ததே இல்லியா? சரி சரி, பெரிய கம்பெனி, எத்தினி பேரத் தான் தெரிஞ்சிக்குவ. ஏம்பா, பொரை ஏறிச்சா? தலைல தட்டிக்கோ.

இன்னாது, ஸ்கூல்ல தனியா காப்பி இருக்குதாவா? இருந்துதுப்பா. அப்பப்ப ஒரு ஹார்டு டிஸ்க்ல எடுத்து பீரோல வெச்சிக்கினு இருந்தோம். ஆயுத பூஜ வந்துது. எங்க பி.டி. மாஸ்டரு குமரகுரு தறிக்காரரு வீட்டுப் புள்ள. அவுங்க வீட்டுல தறில ஒரு கட்டைய விடாம சந்தனம் வெப்பாங்க. அந்த பழக்கத்துல இங்கயும் பிரிண்டரு, பெல்லு, கம்ப்யூட்டருன்னு வெச்சிக்கினே வந்தவரு, டிஸ்க்ல ஒயரு சொருவுற ஓட்டைல விரல் நெறைய சந்தனத்த அப்பி, மேல குங்குமமும் வெச்சிட்டாரு. ஊசிய உட்டு நோண்டிப் பாத்தோம். வாசன நல்லா வந்துது, டேட்டா தான் வரல. சிரிப்பா, பரவால்ல, வந்ததுலருந்து இப்ப தான் சிரிக்கிற.

அப்ப தான் உங்க மேனேஜர் ராமராஜன் வந்தாரு. மேடம், இனிமே எல்லாம் கிளவுடு, நீங்க ஒண்ணும் எடுத்து வெக்கவே வாணாம், தெனம் நாங்களே பேக்கப் எடுத்துக்குவோம்ன்னாரு. தெனம் காலைல மெயிலும் வரும், பேக்கப் முடிஞ்சிதுன்னு பச்ச டிக்கோட. எடுத்தத ஒரு தபா திருப்பிப் போட்டு காட்டுங்கன்னு கேட்டா, எங்க மேல நம்பிக்க இல்லியா மேடம்ன்றாரு. ஏம்பா, எங்க ஊர்ல பொடவைய பெட்டியோட குடுத்தா எவனா வாங்கிக்கினு போவானா? பிரிச்சி, முந்தானிய விரிச்சி காட்டினா தானே வியாபாரம்?

சரி, இப்ப சொல்லு. போன்ல உங்க ஆளு ஒருத்தன் நெட்டு ஸ்லோவுன்றான். ராமராஜன் பேக்கப்ப பத்தியே பேசல, எங்க டீச்சருங்க தான் தெரியாம அழிச்சிட்டாங்கன்னு எழுதிக் குடுக்க சொல்றாரு. நீ இன்னா சொல்லப் போற?

இரு இரு, மெதுவா சொல்லு. சர்வர மாத்தினீங்க. பேக்கப் மட்டும் பழைய சர்வரயே பாத்து எடுத்துக்கினு இருந்துது. அதாவது காலி வூட்ட தெனம் பூட்டிட்டு, எல்லாம் பத்திரம்னு எனக்கு மெயிலு அனுப்பிக்கினு இருந்தீங்க. நீ கண்டுபுடிச்சி சொன்ன, வாயத் தொறக்காதன்னுட்டாங்களா? அப்ப என் கிட்ட ஏம்பா சொல்ற? வேல போயிடுமே! போனா போவட்டுமா? எழுதியும் குடுப்பியா?

ம். இன்னொரு டீ சொல்லட்டுமா?

அழிச்சது நான் தாம்பா. வெள்ளிக்கெழம எல்லாரும் போனப்புறம் நானே உக்காந்து டிலீட்டு பண்ணேன். மொறைக்காத. அதுக்கு முன்னாடி முழுசா ஒரு காப்பி எடுத்துட்டேன், தோ, இந்த சாப்பாட்டு பையில, தயிர்சாத டப்பாக்கு பக்கத்துல. தறில நீட்டுவாக்குல ஓடற பாவு நூலு தீந்தா கூட பழைய நூலு நுனிய உட்டு வெச்சி, அதுல தான் புதுச முடிச்சி போடுவோம். மொத்தமா அறுத்துட்டு நிப்போமா? பசங்க பேர காலைலயே ஏத்தியாச்சு.

ஏன் பண்ணேனா? உங்க பேக்கப்பு வேல செய்யுதான்னு பாக்கணும், அது ஒண்ணு. இன்னொண்ணு, கீர்த்தி வந்து உன் பேர சொல்லி, கட்டினா அவர தான் கட்டிப்பேன்னுட்டா. வீட்டுக்காரரு நெய்யறத நிறுத்திட்டு தறிய உட்டு எறங்கி வந்தாரு. அப்பறம் ஒண்ணே ஒண்ணு சொன்னாரு: மாட்டிக்கினா உண்மைய சொல்ற புள்ளையான்னு பாரு, மத்தத அப்பறம் பேசலாம். அதான் உன்னையே அனுப்ப சொல்லி கம்பெனில அடம் புடிச்சேன். எனக்கும் பயந்தாம்பா, ஒரே பொண்ணு. வேல போனா போவட்டும்னு சொன்ன பாரு, அப்ப கண்ணு கலங்கிடுச்சி எனக்கு.

அதுல நீ பாஸு. ஆனா கீர்த்திய பாத்ததே இல்லன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னியே, அத நான் எந்த கணக்குல வெக்கிறது? இப்ப நீ வா போன்னு பேசிக்கினு இருக்கேன், நாளைக்கு வாங்க மாப்பிள்ளன்னு கூப்புட வேண்டி வந்தா திட்ட முடியாது, அதான் இப்பவே திட்டிக்கிறேன்.

சட்டைய சரி பண்ணிக்கினு நிமிந்து உக்காரு. வெளிய பெஞ்சில இருக்கறவர உள்ள கூப்புடுறேன். கீர்த்தியோட அப்பா. அவரும் ஒரே கேள்வி தான் கேப்பாரு, என் பொண்ண தெரியுமான்னு. இந்த தபாவாச்சும் பாத்து சொல்லுப்பா.